கண்ணைத் திறந்த குழந்தைமேல் குற்றமில்லை

எங்கள் அக்கா போய்ப் பதினாறு நாளாகிறது. இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் என்னோடு உட்கார்ந்து களி சாப்பிட்டவர், மத்தியானம் இல்லை. 

அக்கா தாராபுரம் பக்கத்தில் பிறந்தவர். மழையில்லாத வருடம் அப்பா எங்களை இந்த மலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தபோது அக்காவுக்குப் பத்து வயது. கொழுந்து பறித்தே என்னைப் படிக்கவைத்தார். நான் இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரானேன். கல்யாணமான மறுவருடமே மச்சானைக் காய்ச்சல் கொண்டுபோனது. பிள்ளையில்லாத அக்காவைத் தோட்டத்துப் பிள்ளைக்கொட்டகையில் ஆயாவாக வைத்தார்கள். தாய்மார் வேலை முடிந்து திரும்பும்வரை முப்பது குழந்தைகள் அவர் பொறுப்பு.

தமக்கிருந்த இளைப்புக்காக அப்பாவிடம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்றிருந்தார் அக்கா. அதையே அந்த வாண்டுகளுக்கும் பழக்கினார். மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஆளுக்கொரு தேயிலைக் கொழுந்து வைப்பார். அது ஏறி இறங்குவதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து கண்ணை மூடி வெளிச்சத்தம் கேட்கவேண்டும். அவர் சொல்லும்வரை திறக்கக்கூடாது.

"ஏனுங்கக்கா, எம் பையனச் சாமியாராக்கிப் போடுவீங்களாட்ட இருக்குது!" என்றார் ஒரு தாய்.

"மொதல்ல மூக்கு ஒழுகறது நிக்கட்டுமுங்க. சாமியாரப் பத்தி அப்பறம் பாக்கலாம்" என்றார் அக்கா.

ஒருநாள் தோட்டத்து மேனேஜர் துரை எட்டிப்பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் காய்ச்சலில் விழுந்துவிட்டதாக எனக்கு ஆள் அனுப்பினார். மருந்துப்பையோடு ஓடிப்போய் நான் போட்ட கூச்சலில் முப்பதும் அலறின. "ஏந் தம்பி, சும்மா மூச்சு உடறவங்களுக்கு மருந்தா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வெட்கப்பட்டு நானே ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். வாசலில் கொழுந்துக்கூடை கவிழ்ந்திருந்தால் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம்; யாரும் உள்ளே போகக்கூடாது, கூப்பிடவும் கூடாது.

அக்கா போன அன்று காலை பத்து மணிக்கு அந்த வழியாகப் போனேன். கூடை கவிழ்ந்திருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து, தலை சற்றே குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரே குழந்தைகள். சில உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தன. பால் கொடுக்க வந்த பெண்ணைக்கூட, "அப்பறம் வாங்க, அக்கா உக்காந்திருக்கறாங்க" என்று நானே திருப்பி அனுப்பினேன். நாடி பார்க்கத் தெரிந்தவன் நான். எட்டடி தூரத்தில் நின்றேன். பிறகு சத்தமில்லாமல் நடந்துபோய்விட்டேன்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துப் பொன்னி என்ற நான்கு வயதுக் குழந்தை கண்ணைத் திறந்திருக்கிறாள். எழுந்துபோய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அக்கா பக்கவாட்டில் சரிந்துவிட்டார். அலறல் கேட்டு நான் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதைவிட அதிர்ச்சி அதன்பிறகுதான். பொன்னியின் தாய் அவளை அடித்தார். "சொல்றதுக்கு முந்தி ஏன்டி கண்ணத் தொறந்தே? தவத்தக் கலைச்சு அவிங்க உசுரையே வாங்கிப்போட்டியே!" நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். யார் கிட்டே போனாலும் அந்தக் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்.

சேதி கேட்டு மலையேறி வந்த உறவினர்களுக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்து அக்காவைச் சுமந்த பாக்டரிக்காரர்களுக்கும், விறகு கொடுத்த மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எழுத்துத் தெரிந்தவர்கள் இனிவரும் வரிகளைப் பொன்னியின் வீட்டில் உரக்கப் படித்துக்காட்டுங்கள். நான் தொட்டபோது அக்காவின் உடம்பு சில்லிட்டிருந்தது. குழந்தை இழுப்பதற்கு முன்பே உயிர் போய் நேரமாகியிருந்தது. கம்பவுண்டராகச் சொல்கிறேன், குழந்தை இழுத்ததால் எதுவும் நேரவில்லை. நான் பார்த்துவிட்டுப் போனபோது உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி என்னுடையது, அவளுடையதல்ல. அத்தனை பேரில் அக்காவைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது அவளுக்கு மட்டும்தான்.

பொன்னி, நீ செய்தது சரி. கண்ணைத் திற, தாயி.