தனி ஆள்

சுங்குவார்சத்திரத்தில் உள்ள என் ஜெராக்ஸ் கடைக்கு அந்த வெல்டர் யூனிஃபார்மோடுதான் வருவார். ஒல்லியான தென்மாவட்டத்துக்காரர். யாரிடம் பேசினாலும் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்.

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போலந்துக்கு வேலைக்குப் போக அவருக்கு ஆசை. ஒரு நாள் அதற்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியோடு என் கம்ப்யூட்டரில் வீடியோ இன்டர்வியூ. இரண்டு வயது மகளை என் மடியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" தமிழிலேயே கேட்டார் ஏஜென்சி அம்மா.

"இல்ல மேடம், தனி ஆளு. எந்த ஷிப்ட்டுன்னாலும் பாப்பேன்."

"அப்படியா? குடும்பத்தோட வர்றவங்கதான் பாதியில ஓட மாட்டாங்கன்னு அந்த ஊர் கம்பெனியில அவங்களத்தான் கேக்குறாங்க. வீடும் தர்றாங்க."

அவர் சட்டென்று மகளைத் தூக்கிக் கேமராவுக்கு முன் நிறுத்தினார். "மேடம், இது எம் மவதான்."

"இப்ப சொல்றதையாவது நம்பலாமா?" சிரித்துவிட்டு, பிறகு சொல்வதாகச் சொல்லி அழைப்பை வைத்துவிட்டார் அந்த அம்மா.

"இன்னாத்துக்குப்பா பொய் சொன்ன?" தயங்கித்தான் கேட்டேன்.

"கல்யாணம் ஆனவன் ஓ.டி.க்கு நிக்க மாட்டாம்னு இங்க எடுக்க மாட்டாவண்ணே. எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்லிச் சேந்தேன். அதே வாயில வந்துட்டு."

அதன்பின் அவர் கடைக்கு வரவில்லை. மூவரும் போலந்துக்குப் போனார்களா, இல்லை வேறெந்தக் கம்பெனியிலாவது தனி ஆளாகவே சேர்ந்துவிட்டாரா, தெரியவில்லை.