பெருக்கி வைத்த கால்வாய்க்கரை

எனக்கு ஒரு கைத்திறமை உண்டு. நாற்றத்தை நன்றாக எழுதுவேன். மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் தொண்டு நிறுவனம். நிறுவனம் என்றால் பயந்துவிட வேண்டாம். நானும், ஒரு மேசையும், கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் அந்த மேசைக்கு வரும் நடுக்கமும்தான். அங்கே உட்கார்ந்து கால்வாய்க்கரைக் குப்பையை ஆங்கிலத்தில் வர்ணித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நானே மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் மாற்ற நினைப்பவர்களுக்குப் பணம் தரும் ஓர் அறக்கட்டளைக்கு அப்படித்தான் எழுதி அனுப்பினேன். 'நீங்கள் கொண்டுவர விரும்பும் மாற்றம் என்ன?' என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு வேண்டியது ஒரு தகரக் கொட்டகை. அதை ஒரே வரியில் எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அதில் கொட்டகை என்ற சொல் ஓரிடத்தில் வருகிறது. தேடினால் கிடைக்கும்.

கொட்டகை ஏற்கெனவே இருந்தது. கால்வாயை ஒட்டிய குடியிருப்பில் இருக்கும் பெண்கள் தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்கிவந்து, அதற்குள் உட்கார்ந்துதான் பிரிப்பார்கள். அட்டை தனி, பால் கவர் தனி, பாட்டில் தனி. கூரை போய்விட்டால் ஐப்பசி மழையில் அட்டை நனையும். நனைந்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். பிரிக்கிறவர்களும் நனைவார்கள், ஆனால் அதைப் பற்றி எந்தக் கடைக்காரரும் கவலைப்படுவதில்லை. கொட்டகையின் சொந்தக்காரர் அதைச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு, அண்டா குண்டான் போட்டுவைக்க, பேசிவைத்துவிட்டார். ஒரு வருஷ வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் மாதக் கடைசிவரை எங்களுக்காகப் பொறுப்பதாகச் சொன்னார். அறக்கட்டளைப் பணம் வந்தால் கொடுக்கலாம். வராவிட்டால் அண்டா.

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது, இடத்தைப் பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்று மின்னஞ்சல் வந்தது. எனக்குப் பதற்றம் என்றால் வியர்க்காது, படபடக்காது. மரத்துப்போகும். கல்யாணப் பந்தியில் காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் நம்முடையது இல்லாததுபோல் இருக்குமே, அது எனக்குத் தலையில் நடக்கும். வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அந்த வாயோடு கால்வாய்க்கரைக்குப் போய், பெண்களின் குழுத் தலைவியான அக்காவிடம் சொன்னேன்:

"அக்கா, வியாழக்கெழம பெரிய எடத்துலேருந்து மேடம் வராங்க. எல்லாம் நல்லா இருக்கணும். பாத்துக்கங்க. நல்லா இருக்கணும்."

"இன்னா சார் நீ, பொண்ணு பாக்க வர்ற மாரி பயந்துகினு கீற," என்றார் அக்கா. "வர்ட்டும். நாங்க பாத்துக்கிறோம். நீ மொதல்ல போயி ஒரு டீ குடி."

பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை அந்த அதிகாரியோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். முதலில் இடம் மாறி இறங்கிவிட்டோமோ என்று பார்த்தேன். கரையில் ஒரு குப்பை இல்லை. நான் இரண்டு பக்கம் செலவழித்து வர்ணித்த குவியல்கள் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கோலத்துக்கு நடுவில் பூசணிப்பூ. வேப்பமரத்தடியில் வாடகை நாற்காலி, அதன்மேல் ஒரு டர்க்கி டவல். பெண்கள் எல்லோரும் விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் வரிசையாக நின்றார்கள். அக்கா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார்.

அதிகாரி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நல்ல பெண். ஆரத்தி முடியும்வரை அசையாமல் நின்றார், பன்னீர் சோடாவை மறுக்காமல் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"சார், ப்ரபோசல்ல பெரிய பெரிய குவியல்னு எழுதியிருந்தீங்களே, அது எந்த சைடு?"

"இங்கதான் மேடம். சாதாரணமா ரொம்ப மோசமா இருக்கும். நம்புங்க," என்றேன்.

இருபது வருஷமாகச் சுத்தத்துக்காக உழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆள், அன்று அந்தக் கரை முழுக்க ஒரு குப்பைக்காக அலைந்தேன். ரயில் பாலத் தூணுக்குப் பின்னால், புதருக்குள், படிக்கட்டுக்குக் கீழே. கடைசியில் ஓர் இளநீர் மட்டை கண்ணில் பட்டது. "அதோ பாருங்க மேடம்!" என்று நான் கை நீட்டி முடிப்பதற்குள் ஒரு பெண் ஓடிவந்து, "அய்ய, இத்த பாக்கலியே, மன்னிச்சிக்கோங்க மேடம்," என்று அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சரி, பிரிக்கிற ஷெட்டைப் பார்க்கலாமா?" என்றார் அதிகாரி.

கொட்டகைக்கு முன்னால் புதுத் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்குப் பின்னால் பூட்டு.

"சாவி காணும் மேடம்," என்றார் அக்கா. சாவி அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அவரை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன். "அக்கா, உள்ள என்ன?"

"இன்னா இருக்கும்? இங்க கெடந்த அம்புட்டும் உள்ள கீது. கதவு மூடறதுக்குள்ள தாவு தீந்துச்சு."

"தொறந்து காட்டிடுங்க. அதுக்குத்தான் அவங்க வந்திருக்காங்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் என்னவோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. "நம்மள மதிச்சி ஒரு பொண்ணு வந்துகீது. அது மூஞ்சில குப்பைய கொட்ட சொல்றியா? உங்க வூட்டுக்கு ஆள் வந்தா இப்டித்தான் செய்வியா?"

செய்யமாட்டேன். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் படுக்கையறைக் கதவைச் சாத்துவோம். உள்ளே நாற்காலி தெரியாமல் துணி குவிந்திருக்கும்.  அதிகாரியும் திறக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. பிரச்சினையையும் காணோம், அதற்கு நாங்கள் கண்ட தீர்வையும் காணோம். இரண்டும் ஒரே பூட்டுக்குள் இருந்தன. அவர் கோலத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதில் சீக்கிரமே வந்தது. எங்கள் பகுதி மிகத் தூய்மையாக இருப்பதை நேரில் கண்டு மகிழ்ந்தார்களாம். தேவை அதிகமுள்ள இடங்களுக்கு முன்னுரிமை தரவேண்டியிருக்கிறதாம். தொலைபேசியில் அதிகாரியைக் கூப்பிட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் பெருக்கினார்கள் என்று விளக்கினேன்.

"எனக்குத் தெரியும் சார். பார்த்ததுமே புரிஞ்சுது," என்றார். "ஆனா நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்? கமிட்டிக்கு ஃபோட்டோவும் வைக்கணும். ஃபோட்டோல கோலம்தான் இருக்கு."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். தலை பழையபடி மரத்துக்கொண்டது. நன்றி சொல்லி, சோடா எப்படி இருந்தது என்று வேறு கேட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலம் பெண்கள் கூடியிருந்த இடத்தில் பதிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். தூய்மை என்ற இடம் வந்ததும் சிலர் கை தட்டினார்கள்.

"பாத்தியா? நீ பயந்துகினு கெடந்தியே!" என்றார் அக்கா.

நான் மீதியைப் படித்தேன்.  தலைக்கு மேல் பாலத்தில் பறக்கும் ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அப்ப ஷெட்டு?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"சுத்தமா கீதுன்னு சொல்லிட்டு, இல்லன்றாங்களா?"

"ஆமா."

"மழ வருதே நைனா," என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு ஒரு ஜோக்கும் தயார் செய்து வைத்திருந்தேன். அது அப்படியே வாயில் கிடந்தது.

மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்தோம். மூட்டைகளை ஒவ்வொன்றாக ரயில் பாலத்தின் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் அடுக்கினார்கள். அங்கே மேலிருந்து நேராக நனையாது, காற்றடித்தால் சாரல் வரும். நானும் இரண்டு மூட்டை தூக்கினேன். மூன்றாவதை ஒரு பெண் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சார் போயி குந்து சார், இடுப்பு புடிச்சிக்கப் போவுது," என்றாள். கான்ட்ராக்டரின் ஆள் சாவிக்காகப் பைக்கில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் போனபின் அக்கா உள்ளே போய்ப் பெருக்க ஆரம்பித்தார். மூலை மூலையாக, தகரத்தின் இடுக்கில் விரலைவிட்டு, ஒட்டிக்கிடந்த பால் கவர்களை நோண்டி எடுத்து.

"விடுங்கக்கா. நாளைலேருந்து அவங்க எடம். அவங்களே பெருக்கிக்குவாங்க," என்றேன்.

"குப்பையோட குட்த்துட்டுப் போயிட்டாங்கன்னு நாளைக்கு ஒர்த்தன் சொல்லுவான். தேவையா?" என்றார் திரும்பிப் பார்க்காமல். "நீ கொஞ்சம் வெளிய நில்லு. தூசி அடிக்கும்."

போய் வெளியே நின்றேன்.