பச்சை ஓட்டையிலிருந்து ரோஸ் ஓட்டைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாங்காட்டில் ஃபிளாட் வாங்கினால் ஞாயிறுதோறும் வெங்காயம் உரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் எங்கும் எழுதவில்லை. இருந்தாலும் எங்கள் பிளாக்கில் ஆம்பிளைகள் எல்லோரும் உரிக்கிறோம். மகளுக்கு இணையத்தில் கீபோர்டு வகுப்பு. மிஸ் வாசித்துக் காட்டுவதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "நான் பேசுறதெல்லாம் பதிவாகுதுப்பா. மிஸ் வாசிக்கிறது மட்டும் ஆகல. தன் உள்ளேருந்து வர்ற சத்தம் இதுக்கே கேக்காதா?" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஒலி அமைப்புக்குள் போனேன். வலது பொத்தானைத் தட்டி, முடக்கி வைத்திருப்பவற்றையும் காட்டச் சொன்னேன். சாம்பல் பூசின மாதிரி மங்கலாக, கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறியோடு அது வந்து நின்றது. ஸ்டீரியோ மிக்ஸ், கணினிக்குள் ஓடுகிற சத்தத்தையே பதிவுக்குப் பிடித்துக் கொடுக்கிற வசதி. "யாருப்பா இவரு?" என்றாள் மகள். தெரிந்தவர்தான் என்றேன். மடிக்கணினியின் அடியிலிருந்து சூடான தூசி வாடை வந்தது. வெங்காயத்தையும் மீறி வந்தது.

அந்த வாடையோடு கொஞ்சம் ஊதுபத்தியையும், ஹெட்போன் பஞ்சில் ஊறிய தேங்காயெண்ணெயையும் சேர்த்துக்கொண்டால் போதும், மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்த்த நெட் சென்டர் முழுசாக வந்துவிடும். விழுப்புரம் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் டிப்ளமோவும் ஒரு போர்வையுமாக வந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. உத்தியோகப் பெயர் சிஸ்டம் அட்மின். காலையில் கூட்டுவது, சாமி படத்துக்குப் பூ போடுவது, மவுஸ் வயிற்றிலிருந்து அழுக்கு உருண்டையைச் சுரண்டி எடுப்பது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். ஊருக்குப் போட்ட கடிதத்தில் மவுஸ் விஷயத்தை எழுதவில்லை.

கடையில் ஒரு பழைய கணினி இருந்தது. அதற்கு ஒலிக்கென்று தனியாக ஒரு அட்டை. அந்த அட்டை கணினியில் எது பாடினாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இணைய வானொலியில் ஓடும் பாட்டைப் பிடித்துக் கொடுத்தே நான் பேட்டையில் பெரிய மனுஷனாகிவிட்டேன். டீக்கடையில் எனக்கு மட்டும் தனியாக ஸ்டிராங்காகப் போடுவார்கள். என்னத்தைச் சொல்ல, அந்த வயசில் அதுவே மகுடம்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் முதலாளி தனசேகர் அண்ணன் கடையிலிருந்த கணினிகளையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு இறக்கினார். எனக்குக் கிரீடம் கொடுத்த பழசும் வேனில் ஏறிப் போய்விட்டது. புதியவற்றில் தனி அட்டை கிடையாது. ஒலிக்கான சில்லு மதர்போர்டோடு ஒட்டியே வந்தது. பாட்டு பிரமாதமாகக் கேட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் மைக்கைத் தவிர வேறு எதுவும் பட்டியலில் இல்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து, அழித்து அழித்து மறுபடி ஏற்றினேன். கடைசியில் பூந்தமல்லியில் கணினி கோத்துக் கொடுத்தவரிடமே போய் நின்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உள்ள கீது மாமே. தொறக்காம மூடி அனுப்பிக்கிறாங்க. நம்ம கையில இன்னா கீது?"

ஏன் மூடினார்கள் என்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு அது வாடகை வீட்டுக் கணக்காகத்தான் பட்டது. அம்பத்தூரில் அப்போது நான் குடியிருந்த வீட்டிலும் ஓனர் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை. மழைக்காலத்தில் அந்த அறையும் ஒழுகும். ஒழுகுகிற தண்ணீர் மட்டும் எங்கள் பக்கம் வரும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கோமதி அக்கா வந்தார். எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக எங்கள் கடைக்கு வருவார். நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை ஏழுமலை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவருக்கு அன்று விடுமுறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருவரும் பேசுவார்கள். பேசுவது என்றால், அக்கா கம்பெனியைப் பற்றிச் சொல்வார், அவர் வெயிலைப் பற்றிச் சொல்வார். தடுப்பு வெறும் பிளைவுட். அக்கா பேசுவதெல்லாம் எனக்கும் கேட்கும். நான் கேட்காத மாதிரி மவுஸ் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு அக்கா ஹெட்போனைத் தொடவில்லை. "நைனா, அன்னிக்கு எனக்கு ஒரு பாட்டு புடிச்சிக் குடுத்தியே, அதே மாரி அவரு பேசுறத்த புடிச்சிக் குடுப்பியா?" என்றார்.

எதற்கென்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு அப்பால நான் வேலைக்குப் போவணும். போவலாம்னு அவரு வாயால சொல்றத்த வெச்சிக்கணும். எங்க அக்காவுக்கும் நிச்சயத்தப்ப எல்லாரும் மண்டைய மண்டைய ஆட்னாங்கோ. தாலி ஏறி ஒரு மாசம் ஆவல, வேலைய உட்டுடுன்னுட்டாங்கோ. அது இப்ப ஊட்ல குந்திகினு ஜன்னல் வழியா கம்பெனி பஸ்ஸ பாத்துகினு கீது."

பிறகு அவர் தன் தொழில் முறையை எனக்கு விளக்கினார். காலையில் மெஷினிலிருந்து விழுகிற முதல் வாஷரை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அட்டை கட்டி மேஜைமேல் வைத்துவிடுவார்களாம். அதற்குப் பெயர் மொத பீஸ். அப்புறம் வருகிற சரக்கையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் அனுப்புவார்கள். மெஷின் சூடேற ஏற அளவு மாறுமாம். "மெஷின் மேல கோவப்பட்டு இன்னா பிரயோஜனம்? அதும் பொறப்பு அப்டி. மொத பீஸ் கையில இருந்தா, தோ பாரு, நீ இப்டித்தான் இருந்தன்னு காட்லாம்" என்றார். மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அவருக்குச் சொல்லாமலா என்றேன். "சேச்சே, சொல்லிட்டுத்தான். நான் இன்னா திருட்றனா?" என்றார்.

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷனாக இருந்து பழகியவன் அப்படியெல்லாம் சட்டென்று சொல்ல மாட்டான். அடுத்த வெள்ளிக்குள் செய்துவிடலாம் என்றேன்.

யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. கணினியின் முன்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். பச்சையில் சத்தம் வெளியே வரும், ரோஸில் மைக் வழியாக உள்ளே போகும். உள்ளே கதவைப் பூட்டிவிட்டால் என்ன, வெளியே வந்ததை வாசல் வழியாகவே திரும்ப உள்ளே அனுப்பிவிட்டால்? பாடி பக்கம் ஒரு கடையில் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் ஒயரும், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்னக் கவையும் வாங்கினேன். பச்சையில் கவை. அதன் ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதிலிருந்து ஒயர் நேராக ரோஸுக்கு. ஒரு பாட்டின் பல்லவியை மட்டும் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். அட்சர சுத்தமாக விழுந்தது. பூட்டினவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன் என்று தனசேகர் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். "சூப்பர்பா. அந்த மவுச தொடச்சியா?" என்றார்.

வெள்ளிக்கிழமை கோமதி அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார். கவையில் இன்னொரு கவையைச் செருகி நானும் ஒரு ஹெட்போன் மாட்டிக்கொண்டேன், தொழில்நுட்பக் காரணங்களுக்காக. மஸ்கட் எடுத்தது. பதிவுப் பொத்தானைத் தட்டினேன்.

"ஹலோ, கோமதி?" என்றார் ஏழுமலை. "நான்தான்" என்றார் அக்கா. "ஹலோ? ஹலோ? இன்னாது, என் கொரலே எனக்கு கேக்குது?" என்றார் ஏழுமலை.

என் மண்டையில் அப்போதுதான் உதித்தது. அக்காவின் மைக் செருக வேண்டிய ஓட்டையில் என் ஒயர் உட்கார்ந்திருக்கிறது. அக்கா தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே போகாது. அந்த ஓட்டை வழியாக மஸ்கட்டுக்குப் போவது, மஸ்கட்டிலிருந்து வருவது மட்டும்தான். அவர் அங்கே தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தார்.

"ஏய், இன்னா பண்ணி வெச்சிக்கிற?" என்று அக்கா என் முழங்கையில் ஒரு குத்து விட்டார். எடுத்துவிடட்டுமா என்றேன். யோசித்துவிட்டு, "வேணா. நாம எழுதிக் கேப்போம். அவரு வாயால சொல்லட்டும்" என்றார். அக்கா சொல்லச் சொல்ல, சாட் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். நீங்கள் பேசுவதைப் பதிவு செய்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போவேன். சரியா?

அந்தப் பக்கம் எழுத்துக் கூட்டி வாசிக்கும் முணுமுணுப்பு. பிறகு, "ம்... போ. யாரு வேணான்னா" என்றார்.

அந்த "போ"வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கண்டக்டர் சில்லறை இல்லாதவனை இறக்கிவிடும்போது சொல்கிற போ. அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எனக்குக் கவையைப் பார்ப்பதா அவர் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

அவர் சொன்னது மண்ணூர்பேட்டைக்கு வந்து, என் ஒயரில் ஏறித் திரும்பி அவர் காதுக்கே போய்ச் சேர்ந்திருக்கும் போல. சற்றுப் பொறுத்து, வேறு மாதிரியான ஒரு குரல் வந்தது.

"இன்னா கோமதி இது... நான் இப்டியா பேசுறேன்? கேக்கவே நல்லால்லியே. நாய வெரட்ற மாரி கீது. இரு இரு, திருப்பிச் சொல்றேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ வேலைக்குப் போறது எனக்குப் பெரும. எங்க அம்மா வேணான்னாலும், நாளைக்கு நானே மாத்திச் சொன்னாலும், நீ வேலைய உடாத."

அதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருப்பார். "ஆங். இதான் சரி" என்றார்.

அக்கா அழுதார். நான் அழவில்லை, கண்ணில் ஊதுபத்திப் புகை பட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பேரும் பதிவைப் போட்டுக் கேட்டோம். "ஹலோ. ஹலோ? என் கொரலே எனக்கு கேக்குது." கொஞ்ச நேரம் இரைச்சல். அதன் பிறகு, "ம்... போ. யாரு வேணான்னா." அத்தோடு முடிந்துவிட்டது. கணினியோடு இலவசமாக வருகிற பதிவு மென்பொருள் ஒரு நிமிடம் ஆனதும் தானாக நின்றுவிடும். பழைய கணினியில் நான் வைத்திருந்த நல்ல மென்பொருள் வேனில் ஏறிப் போனதை மறந்தே போயிருந்தேன்.

"ரிஜெக்ட் பீஸ்" என்றார் கோமதி அக்கா. இருந்தாலும் சிடியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ரிஜெக்டையும் தூக்கிப் போட மாட்டார்களாம்; சிவப்பு டப்பாவில் தனியாக வைப்பார்களாம்.

கல்யாணம் நடந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது. நெட் சென்டர்களுக்குக் கூட்டம் குறைந்தது. நானும் ஒரு ஐடி கம்பெனியில் தொற்றிக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறவனானேன். ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "ஊட்டாண்ட வா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏழுமலை மஸ்கட்டை விட்டு வந்து ஆவடியில் ஏசி சர்வீஸ் கடை போட்டிருந்தார். பெண் குழந்தைக்கு ஒரு வயசு. அக்கா மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. "போதும், உட்டுட்டு புள்ளைய பாரு" என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மா பாயில் உட்கார்ந்து குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் அக்கா, "இதோ வந்துகிறான். இவன் கேட்டுகினுதான் இருந்தான். கேளுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு என் உத்தியோகம் விளங்கியது. பதிவாகாத மொத பீஸுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார். புருஷன் பொண்டாட்டி நடுவில் கழுத்து அட்டையோடு நிற்பது மாதிரி அவஸ்தை வேறில்லை.

"இன்னா, சாட்சியா?" என்றார் ஏழுமலை. "சொல்லு, நான் இன்னா சொன்னேன்?"

"ரெண்டு தடவை சொன்னீங்கண்ணே. முதல் தடவை கொஞ்சம் வெறுப்பா இருந்துச்சு. ரெண்டாவது தடவை..." என்று இழுத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "'நீ வேலைக்குப் போறது எனக்குப் பெரும. எங்க அம்மா வேணான்னாலும்...'"

அந்த அம்மாவே எதிரில் பாயில் உட்கார்ந்திருந்ததால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஏழுமலை சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏசி மூடியைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார்: "நாளைக்கு நானே மாத்திச் சொன்னாலும், நீ வேலைய உடாத."

"எப்படா சொன்ன இத்த?" என்றார் அவருடைய அம்மா.

"மஸ்கட்ல கீறச்சொல்ல. சொன்னேன். இல்லன்னு சொல்ல முடில. என் காதாலயே கேட்டேனே" என்றார் ஏழுமலை. பிறகு அம்மாவின் மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இவனுக்கு டீ போடு" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். முழுசாகக் குடித்தேன்.

கோமதி அக்கா இப்போது அதே கம்பெனியில் தரப் பிரிவுக்கே பொறுப்பு. கம்பெனிதான் திருமழிசைக்கு மாறிவிட்டது. நெட் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணி விற்கிறார்கள். அந்தக் கவையும் ஒயரும் எங்கே போயின என்று தெரியவில்லை. மகளுக்கு அந்தச் சாம்பல் ஆசாமியை எழுப்பிக் கொடுத்தேன். மிஸ் வாசித்தது பதிவானது. நான் வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

என் வேலையில் இப்போது நாள் முழுக்க இணையக் கூட்டம்தான். எல்லாம் பதிவாகிறது, யாரும் போட்டுக் கேட்பதில்லை. போன வாரம் சரி என்றவர் இந்த வாரம் நான் எப்போது சொன்னேன் என்கிறார். முன்பெல்லாம் பேசுகிறவருக்கு அவர் குரல் அவ்வப்போது திரும்பிக் கேட்டுத் தொலைக்கும். இப்போது யாருக்கும் கேட்பதில்லை. அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள்.