சர்ச் வாசலில் விட்ட புது ஷூ

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தபோது என் கணவருக்கு ஒரே கடவுள்தான்: மருந்து கம்பெனியில் அவருடைய மேலதிகாரி. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அந்தக் கடவுள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடமாகப் "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விசா முடிய ஒரு வருடம்கூட இல்லை. கையெழுத்து விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த அதிகாரி இங்கிலாந்துக்காரர். நாங்கள் லண்டன் வழியாக மெட்ராஸ் போவது தெரிந்ததும், தன் கிராமத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். இவர் உடனே புது ஷூ வாங்கினார். என் அம்மாவைப் பார்க்க ஒருநாளும் இப்படிக் கிளம்பியதில்லை.

ரயில், பஸ் என்று மாறிப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் அபார்ட்மென்டில் ஒரு பிளாக்கில் இருக்கும் ஜனம்கூட அந்த ஊரில் இல்லை. ஆனால் நடுவில் பெரிய கல் சர்ச். அது எத்தனை நூற்றாண்டுப் பழசு என்று அந்த அம்மாள் தஞ்சாவூர்க்காரர்களான எங்களிடம் பெருமையாகச் சொன்னார். நாங்களும் வாயைப் பிளந்தோம். கிரீன் கார்டு வேண்டுமே.

அன்று சர்ச் புல்வெளியில் பழைய சாமான் விற்பனை. கூரை பழுதுபார்க்க நிதி திரட்டுகிறார்கள். அம்மாள்தான் பொறுப்பு. எங்களை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஊர் மாதா கோயிலில்கூட வெறுங்காலோடுதான் போவோம். வாசல் மண்டபத்தில், அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், இவர் ஷூவையும் நான் செருப்பையும் விட்டோம்.

திரும்பி வந்தால் பெட்டிகளும் இல்லை, ஷூவும் இல்லை. புல்வெளியில் ஒரு கிழவர் இவருடைய ஷூவைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்பு மேஜைமேல் சீந்துவாரில்லாமல் கிடந்தது.

"போய் நம்மளுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"சும்மா இரு. அவங்க ஹர்ட் ஆயிட்டா என் கிரீன் கார்டு என்ன ஆறது?"

நேரே அம்மாளிடம் போய், ஷூ, செருப்பு இரண்டும் சர்ச்சுக்கு எங்கள் காணிக்கை என்றார். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆத்திரத்தில். கண்ணெதிரே கிடக்கும் செருப்பைத் தொடக்கூட முடியாமல், அந்தக் குளிரில் பஸ் நிறுத்தம் வரை வெறுங்காலோடு நடந்தேன்.

பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் கையெழுத்து விழுந்தது. கம்பெனி பிக்னிக்கில் அதிகாரி என்னிடமே சொன்னார்: காலில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த மனிதரை விட்டுவிடாதே என்று அம்மா கடிதம் எழுதினாராம்.

காரில் ஏறியதும் இவரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது. மூணு வருஷமா நான் எப்படி ஒர்க் பண்ணேன்னு அவருக்குத் தெரியாதா?" என்றார்.

தெரிந்துதான் மூன்று வருடமும் கையெழுத்துப் போடவில்லை என்று வாய்வரை வந்தது. கார்டு கைக்கு வரட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.