மீசை முளைக்கும் மருந்து

எட்டு வயதில், எனக்கு மீசை முளைக்கப் போகிறது என்று ஒரு வாரம் நடுங்கிக் கிடந்தேன். நான் பெண்பிள்ளை. அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருப்பார்.

அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்த வருஷம் அது. அரிசி குதிரைக்கொம்பாக இருந்தது. ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புச் சோளம் போட்டார்கள். கிடைத்த கொஞ்சம் அரிசிக்கு எங்கள் வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் பாவுக்கு, தறியில் ஏற்றும் பட்டு இழையைக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்காவிட்டால் நெசவு ஓடாது. அடுத்து தறியில் உட்காரும் அப்பாவுக்கு. அப்புறம் எனக்கு. அம்மாவுக்குச் சோளக் கூழ். தனக்கு அதுதான் பிடிக்கும் என்றாள், நானும் நம்பினேன். பட்டு சாப்பிட்டது போக மிச்சம்தான் மனிதர்களுக்கு என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

அந்தக் கோடையில் அம்மாவின் புறங்கைகள் கறுத்துத் தோல் உரிந்தன. கழுத்தைச் சுற்றிப் பட்டையாக வெந்ததுபோல ஒரு கறுப்பு. நாக்கு சிவந்து புண்ணாகி, மிளகாய் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். வயிற்றுப்போக்கு வேறு. ராட்டையில் நூல் சுற்றுவது அம்மாவின் வேலை. சொரசொரத்த கையில் பட்டு சிக்கி அறுந்துகொண்டே இருந்தது.

அப்பா பழியைச் சாயத்தின்மேல் போட்டார். மாமா கொண்டுவரும் ஈர நூலை வெயிலில் மூங்கிலில் உலர்த்துவது அம்மாதான்.

"உன் சாயந்தான்பா அவ கைய தின்னுக்கினு இருக்குது" என்று மாமாவிடம் பாய்ந்தார்.

"நாள் பூரா அதே சாயத்துல தானே நானும் கைய வெச்சிக்கினு இருக்கிறேன்? எனக்கு ஒண்ணும் ஆவலியே!"

அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. இதற்குள் தெருவில் யாரோ பெருவியாதி, குஷ்டம் என்று முணுமுணுத்துவிட்டார்கள். அது நூல் கொடுக்கும் முதலாளியின் காதுக்குப் போனால் தறியில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் புடவையின் பாவு இழைகளை இறக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அம்மாவின் தட்டைத் தனியாக வைத்தார்கள். என் பாய் அவள் பக்கத்திலிருந்து நகர்ந்தது. கை ஆறும் வரை முசரவாக்கத்தில், அம்மா பிறந்த வீட்டில், அவளை விட்டுவிட்டு வருவதென்று அப்பா முடிவு செய்தார். எத்தனை நாள் என்று கேட்டு அழுதேன்.

அக்காவைக் காப்பாற்றவோ சாயத்தின் மானத்தைக் காப்பாற்றவோ, மாமா அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா கையையும் கழுத்தையும் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார்.

"என்னம்மா சாப்பிடுறே?"

"சோளங்க."

"கூட?"

அம்மா யோசித்தாள். "உப்புங்க."

பெருவியாதியும் இல்லை, சாயமும் இல்லை. சோளத்தையே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடம்பில் ஒரு சத்து குறைந்து வரும் நோய். பெல்லாக்ரா என்றார். அந்தச் சத்தின் பெயர் நயாசின் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அதன்பின் தினம் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, முடிந்தால் முட்டை, கருவாடு.

"இனிமே கடலைதான் உனக்கு மருந்து. விட்டா திரும்ப வந்துடும்."

மாத்திரையில் அம்மா தேறினாள். நாக்குப் புண் ஆறியது, முசரவாக்கம் பேச்சு தள்ளிப்போனது. மாமா வாராவாரம் கடலைப் பொட்டலம் கொண்டுவந்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மடியில் கொட்டுவாள்.

"எனக்குப் பல்லு கூசுது, நீ தின்னு."

தின்றேன். அந்த மாதம் நான் நன்றாகச் சதை போட்டேன்.

அம்மாவின் கழுத்தில் கறுப்பு திரும்ப வந்தது. ஆவணி பிறந்ததும் முசரவாக்கம் என்று அப்பா இந்த முறை நாளே குறித்துவிட்டார். அதைக் கேட்டு மாமா ஓடிவந்தபோது நான் நடையில் உட்கார்ந்திருந்தேன், மடி நிறையக் கடலைத் தோல்.

"யாரு குடுத்தா?"

"அம்மாதான்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. அப்பாவிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு பழுப்பு நிற பாட்டிலோடு வந்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி, தூக்கலாக ஓம வாடை. ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மருந்தாம், பெரிய பொம்பளைகளுக்கு மட்டுமாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பசங்க நாக்குல பட்டா மீசை மொளச்சிடும். போன வாரம் ஒரு பொண்ணுக்கு மொளச்சிது. நானே பார்த்தேன்."

சாயங்காலம் அம்மா பொடியை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒரு கரண்டி என்னிடம் நீட்டினாள். மீசை முளைத்துவிடும் என்றேன்.

"மாமா வெளையாட்டுக்கு சொல்லுதுடி. ஒரு வாய் வாங்கிக்கோம்மா."

"எனக்கு வேணாம்! நீயே தின்னு!" என்று அலறிக்கொண்டு தறிக்குப் பின்னால் ஓடினேன். அம்மா கரண்டியும் கையுமாக நின்றாள். அப்பாவிடம் நீட்டவும் வழியில்லை, பொம்பளை மருந்தாயிற்றே. கடைசியில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். தினமும் இதே கூத்து. இரண்டாவது பாட்டிலில் நாக்கு ஆறியது, மூன்றாவதில் கழுத்து வெளுத்தது. முசரவாக்கத்துக்கு அம்மா போகவே இல்லை.

காலியான பாட்டிலின் மூடியை ஒருநாள் ஆசை தாங்காமல் நக்கிப் பார்த்தேன். வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும்! என்னிடமிருந்து கடலையை ஒளிக்கத்தான் மாமா இத்தனை வேலையும் செய்திருக்கிறார் என்று ஆத்திரம் வந்தது. அந்தப் பொய் எனக்காக இல்லை, அம்மாவுக்காக என்பது, எனக்கு ஒரு மகள் பிறந்து, அவள் மிச்சம் வைத்ததை மட்டும் நானும் தின்னப் பழகிய பிறகுதான் புரிந்தது. பொடியில் இருப்பது என்னவென்று அம்மாவுக்கு முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். வாங்கித் தின்ன நான் இருக்கும்வரை அவள் தின்ன மாட்டாள். அவள் கையை அவள் வாய்க்கே திருப்ப மாமாவுக்கு ஒரு மீசை தேவைப்பட்டது. நானோ, கடலைதான் என்று தெரிந்தும், மூடியை நக்கிய பயத்தில் ஒரு வாரம் முழுக்க மேலுதட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, அவரோடு பேசாமல் இருந்தேன்.