சாதிக்காய் தேடிய சூட்டி

எங்கள் வீட்டு நாயின் வாய் சாதிக்காய் மணக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அது என் மடியில் முகத்தைப் புதைத்து மூச்சுவிட்டால், கேக் சுடுகிற வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கும். நாய்க்கு ஏது இந்த வாசனை என்று கேட்பவர்களுக்கு ஒரு விடுமுறைக் காலத்தையே விவரிக்க வேண்டியிருக்கும்.

மாத்தளைக்குப் பக்கத்தில், உக்குவளையில் தோட்டத்தை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு. உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வந்ததால், சிங்களத்தில் சின்னது என்று பொருள்படும் "சூட்டி"யையே பெயராக வைத்தோம். அதுவோ ஒரு வருடத்துக்குள் கன்றுக்குட்டிபோல வளர்ந்து, பெயர் வைத்தவர்களின் மானத்தை வாங்கியது. அவிழ்த்துவிட்டால் கோழிகளை விரட்டும், பலாமரத்தில் கட்டிப்போட்டால் ஊளையிட்டு ஊரைக் கூட்டும். அம்மாவின் கத்தரிப் பாத்தியும் அப்பா காலில் மாட்டுகிற சப்பாத்தும் அதற்குத் தப்பவில்லை. வம்புக்கென்று அது எதையும் செய்யவில்லை. அவ்வளவு பெரிய உடம்பையும் துருதுருத்த மூளையையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அது என்னதான் செய்யும், பாவம்.

தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த அப்பா, குதறிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "லீவு முடியறதுக்குள்ள இது அடங்கலன்னா, நாலந்தாவுல சித்தப்பா வயல்ல கொண்டு போய் விட்டுருவேன். பன்னி விரட்டட்டும்." அதே வயலில் காட்டுப்பன்றி விரட்டப் போய் வயிறு கிழிந்து செத்த நாயைப் பற்றிச் சித்தப்பாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சூட்டியைக் களைப்பாக்கிவிட்டால் அடங்கும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் முற்றத்தில் இரண்டு சாதிக்காய் மரங்கள். வெடித்து விழுந்த காயின் மேல்தோலை நீக்கி, சிவப்புப் பின்னலாய் "வசாவாசி" என்கிற சாதிபத்திரி சுற்றிய கொட்டையை அதன் மூக்கில் காட்டி, சருகுக்குள் எறிவேன். எடுத்துவந்தால் கருவாட்டுத் தலை கிடைக்கும். சில நாட்களில் நான் எறிய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தானாக விழுந்து மறைந்து கிடந்தவற்றையும் மோப்பம் பிடித்து, பெருமையோடு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, நாக்குத் தொங்க வந்து தூங்கும். சங்கிலி மரத்தில் சும்மா தொங்கியது. "இந்த வருசம் நல்ல காய்ப்பு" என்று அம்மா கூடையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

காய்ப்பின் ரகசியம் ஒரு காலையில் வெளிப்பட்டது. எங்களுக்கும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர் ஹனிபா நானாவுக்கும் இடையில் வேலி கிடையாது, மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு "கான்" மட்டும்தான். நானாவின் சரிவு முழுக்கச் சாதிக்காய் மரங்கள். வாயில் ஒரு கொட்டையோடு சூட்டி கானைத் தாண்டிக் குதித்து எங்கள் வாசலுக்கு ஓடி வந்தது. அந்தக் கரையில் கைத்தடியோடு நின்ற நானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. "நம்மள என்னான்னு நெனப்பாரு மனுசன்!" என்று புலம்பிக்கொண்டே கூடையை வெளியே இழுத்தார். திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் நாய் வாய் வைத்ததை அவர்கள் வீட்டில் எப்படி எடுப்பார்கள்? நாய் நக்கிய பாத்திரத்தை முஸ்லிம் வீடுகளில் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் சேர்த்துக் கழுவுவார்கள் என்று அம்மா அறிந்திருந்தார். ஆகவே அத்தனை கொட்டைகளையும் மண்போட்டுத் தேய்த்து, மாற்றி மாற்றித் தண்ணீரில் அலசினார். அப்பாவோ, "நாளைக்கே நாலந்தாவுக்குத்தான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று பேரும் கூடையோடு போய் நின்றோம். நானா ஒரு கொட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல விலை போகிற வசாவாசியெல்லாம் தேய்த்த தேய்ப்பில் நாராய்க் கிழிந்து, மண் ஏறிக் கிடந்தது.

"என்ன தங்கச்சி இது, சட்டி பானய வெளக்குற மாதிரி வெளக்கி வெச்சீக்கிறீங்க?"

அம்மா காரணத்தைச் சொன்னதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொட்டையைத் திரும்பக் கூடையில் வைத்தார். "எங்களுக்காகவா இவ்வளவு பாடுபட்டீங்க" என்றார், மெல்ல.

அப்பா நாலந்தா விஷயத்தைச் சொன்னார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. நானா என்னைப் பார்த்து, "எனக்கும் கண் மங்கல், சருகுக்குள்ள ஒண்டும் தெரியிதில்ல. அது தேடட்டும் மகள். ஆனா வாயில எடுக்கப்படாது. இடத்தக் காட்டித் தந்தாப் போதும்" என்றார். அந்தப் பழக்கம் படிந்தால் நாய் இருக்கட்டும், இல்லையென்றால் இல்லை என்று அப்பா முடித்தார்.

சொல்வது எளிது. கண்டுபிடித்ததைக் கவ்வாதே என்று ஒரு நாயிடம் எப்படிச் சொல்வது? கவ்வினால் கருவாடு இல்லை, கொட்டையைக் கீழே விட்டுவிட்டு உட்கார்ந்தால் உண்டு என்று பழக்கினேன். சூட்டி எச்சில் ஒழுக, உடம்பு நடுங்க, என் முகத்தையும் கொட்டையையும் மாறி மாறிப் பார்க்கும். கடைசியில் லபக்கென்று கவ்விவிடும். விடுமுறை முடியப் போகிற சமயத்தில் அப்பா கானோரத்தில் வந்து நின்றார். சூட்டி நானாவின் சரிவில் ஓடி, ஓரிடத்தில் நின்று, மெதுவாக உட்கார்ந்து, ஒருமுறை குரைத்தது. நானா கைத்தடியால் சருகை விலக்கினார். சிவப்பாகக் கிடந்தது கொட்டை. அப்பா நேரே போய்ப் பலாமரத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினார்.

அதன்பிறகு தினமும் காலையில் இரண்டு சரிவுகளும் அதன் ராஜ்ஜியம். நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து குரைக்கும், எங்கள் முற்றத்துக் கொட்டைகளை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு வரும். பிறகு வயதாகிப் பின்னங்கால்கள் விழுந்துபோனபோது, சூட்டி கானோரம் படுத்தபடி, நானா கிளம்புகிற நேரத்தில் முனகும். ஒருநாள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நானா தம் இடுப்பில் கட்டிய சாரத்தின் மடியிலிருந்து கொட்டைகளை எடுத்து, அது கழுத்தை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் சருகுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க சூட்டி, தேடு பாப்பம்." அது மெல்ல மோந்து, ஒருமுறை குரைத்தது. "அட, இங்கயா ஈந்திச்சு!" என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினார். அப்புறம் மறுபடியும் போட்டார்.

இன்று அந்தச் சரிவில் மரங்கள் இல்லை, கான் மூடப்பட்டு மதில் எழும்பிவிட்டது. நானாவும் இல்லை. நான் மாத்தளை டவுனில் ஒரு மாடி வீட்டில் நாய் வளர்க்கிறேன். காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போகிறேன், பழந்துணிக்குள் தீனியைச் சுருட்டி ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறேன். அது குறையின்றித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதன் பெயர் தெரியாது. அவருடைய பெயர் எனக்கும் தெரியாது.