மூட்டையாக உட்காரத் தெரியாதவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் என்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். வண்டி பள்ளத்தில் எகிறினால் உட்கார்ந்திருப்பவர் உடம்பு என்ன பாடுபடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. தலை, மார்பு, வயிறு, இடுப்பு நாலும் நாலு எடை, நடுவில் ஸ்பிரிங். அவ்வளவுதான் மனிதன்.

கணக்கைச் சரிபார்க்க, தூக்கிப்போடும் மேடை ஒன்றில் சீட்டை மாட்டி, ஆபீஸ் ஆட்களையே உட்காரவைத்து, சென்சார் கட்டி அளந்தோம். ஒருவரும் ஒத்துவரவில்லை. நான் சொன்னதில் பாதிகூட அவர்கள் தலை குலுங்கவில்லை. மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகணும்மா. இல்லேன்னா உன்னை கன்ஃபர்ம் பண்ண மாட்டேன்." வேலை போனால் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.

மறுநாள் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஹெப்பகோடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டோர்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார். மேடை எகிறுவதற்கு முன் அதன் பம்ப் ஒருமுறை உறுமும். உறுமியதும் மனிதர் சீட் விளிம்பைப் பிடித்து இடுப்பை லேசாகத் தூக்கிக்கொண்டார்!

"அண்ணா, ஏன் எழுந்திரிக்கிறீங்க?"

"நானா? ஐயே, சும்மாதானே உக்காந்திருக்கேன் மேடம்!"

பாவம், அவருக்கே தெரியவில்லை. ஓசூர் ரோட்டில் தினமும் கடைசி சீட்டில் வருகிறவர்கள் நாங்கள். பள்ளத்துக்கு முன்னால் டிரைவர் கியரை மாற்றினாலே எங்கள் இடுப்பு தானாகத் தூக்கிக்கொள்ளும். என் கணக்கிலிருந்த மனிதனோ வெறும் மூட்டை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "சும்னே கதை விடாத. தள்ளு, நான் உக்காந்து காட்றேன்" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே ஏறினார். வைட்ஃபீல்டிலிருந்து கார் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிறவர் அவர். பம்ப் உறுமியது, மனிதர் அசையவே இல்லை. மேடை தூக்கிப்போட்டதில் கன்னம் குலுங்கி, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. திரையில் அவர் தலை குலுங்கிய கோடும் என் கணக்கு போட்ட கோடும் அச்சு அசலாகப் பொருந்தின.

"பார்த்தியா! உன் மாடல் பக்கா. மத்தவங்களுக்குத்தான் உக்காரத் தெரியல. நீ கன்ஃபர்ம், போ!" என்றார். நான் வாயைத் திறப்பேனா? "ஆமா சார்" என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் பொம்மனஹள்ளி பஸ்ஸில் வழக்கமான கடைசி சீட். வீட்டுக்கு என்ன ஸ்வீட் வாங்கலாம் என்று யோசித்தபடி வந்தேன். டிரைவர் கியரை மாற்றியது காதில் விழவே இல்லை. பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறியதில் இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை வலி விண்ணென்று ஏறியது. என் கணக்கு துளியும் பிசகவில்லை.

பக்கத்து சீட்டில் இடுப்பைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு தப்பித்த அக்கா பதறிப்போய்க் கேட்டாள். "என்னம்மா, தூங்கிட்டியா?"

"இல்லக்கா," என்றேன், கண்ணில் தண்ணீரோடு. "வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சு."